அவர் பார்த்தால் எரிகிறது

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், போக்குவரத்து அதிகாரி என் கணவரின் காரை நிறுத்தினார். பின்னால் ஒரு பக்கம் பிரேக் லைட் எரியவில்லை என்றார். ஓரமாக நிறுத்தி பிரேக்கை அழுத்தச் சொன்னார். இரண்டு பக்கமுமே எரியவில்லை. மறுநாள் ஐந்து மணிக்குள் சரிசெய்து காட்டாவிட்டால், பிள்ளைகளை ஏற்றும் அனுமதி ரத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிரவே பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் என் கணவர் போனில் இதைச் சொல்லிவைத்தார்.

எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. நான் வேலை பார்த்த மின்விசிறிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அங்கே ஒயர் பிடித்த கை இது என்பதால், சனிக்கிழமை காலை வாசலிலேயே வண்டியைப் பிரித்தேன்.

முதலில் பல்புகள். இடது பக்கத்து பல்பு கருகியிருந்தது, மாற்றினேன். வலது பக்கம் நன்றாகவே இருந்தது. என் கணவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினார், நான் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டும் இருட்டு.

"நல்லா அழுத்துங்க!"

"மிதிச்சுட்டேதாம்மா இருக்கேன்!"

அடுத்து ஃபியூஸ். கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பல்பு மாட்டும் குழிகளில் துரு. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். அப்படியும் இருட்டுதான்.

மாடி வீட்டு டெய்லர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஆபரேஷன் முடிஞ்சுதா? பேஷன்ட் பிழைப்பாரா?"

"டாக்டரே பிழைப்பாளான்னு தெரியலை, தம்பி."

கடைசியில் பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்சுக்கு வந்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்து, சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் இரண்டு முனைகளையும் சேர்த்தேன். இவரைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"எரியுது! ரெண்டும் எரியுது!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

அப்படியானால் சுவிட்சுதான் போயிருக்கிறது. நடந்தே போய்ப் புது சுவிட்சு வாங்கி வந்தார். மாட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன்.

இருட்டு.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கழற்றித் திருப்பி மாட்டினேன். மிதியோடு ஒட்டி இருக்கும்படி தள்ளி வைத்தேன். அவர் அழுத்தினார், நான் பார்த்தேன், இருட்டு.

"நீங்க இறங்கிப் பின்னால போய்ப் பாருங்க. நான் மிதிக்கிறேன்."

கையால் மிதியை லேசாகத்தான் தள்ளினேன்.

"எரியுது!"

ஓடிப்போய் நானும் பார்க்க நினைத்தேன். அவரை மறுபடி உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போனேன். இருட்டு.

"நான் பார்த்தா எரியுது, நீ பார்த்தா அணையுது. வண்டிக்கே உன்னைப் பிடிக்கலை போல" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்காவது ஒயர் தளர்ந்திருக்கும், அவர் அழுத்தும்போதே பார்த்துவிடலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவருகே மண்டியிட்டேன்.

"அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

வெளிச்சம் அவர் பாதத்தின் மேல் விழுந்தது. அது மிதியின் மேல் சும்மா கிடந்தது, மேசையில் மறந்து வைத்த கை மாதிரி. மிதி இம்மியும் இறங்கவில்லை.

"இன்னும் அழுத்துங்க."

"இதுக்கு மேல அழுத்தினா உடைஞ்சுடும்மா."

நான் அவர் பெருவிரலைப் பிடித்துக் கிள்ளினேன். அவர் கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பதியக் கிள்ளினேன். "என்ன பண்றே கீழே?" என்றார்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். கால் இப்படி ஆகியிருப்பது தெரியாது.

"எப்பலேர்ந்து?"

முதலில் மழுப்பினார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மழைக்கு முன்னாடியே மரத்துப்போச்சு. ஓடும்போது ஒண்ணும் தெரியாது. வண்டி அடங்குதான்னு கண்ணால பார்த்துப் பார்த்து மிதிப்பேன். நின்ன வண்டியில எதைப் பார்க்குறது?"

அந்த அதிகாரி அழுத்தச் சொன்னபோதும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சாவியைப் புடுங்கிடுவே."

"புடுங்கத்தான் போறேன்."

"இன்னைக்கு ஒருநாள், காட்டிட்டு வந்துடுறேன். லைட்டுதான் சரியாயிடுச்சே. மெதுவாவே போறேன். நீயும் பக்கத்துல உட்காரு."

"திங்கக்கிழமை?"

அவர் விரலால் ஸ்டியரிங்கின் தூசியைத் துடைத்தார்.

"முன்சீட்டுல அந்தச் சின்னது உட்காருமேங்க. விழுந்த பல்லைக் கையில வச்சுக் காட்டினதே, அது."

"அப்புறம் நான் என்னடி செய்யட்டும்? இந்தக் காலை வச்சுக்கிட்டு மூட்டை தூக்கவா? வாட்ச்மேன் வேலைக்குக்கூட ராத்திரி முழுக்க நிக்கணும்!" கத்தியவர், மாடியில் டெய்லர் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சோத்துக்கு என்ன பண்ணுவோம், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். ஆனால் கதவை மறித்துக்கொண்டு எழுந்து நின்றேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டெய்லருக்கும் தெரியாது. ஒருவரைத் தேடிப் பிடித்து வண்டியை அனுப்பிக் காட்டிவிடலாம். அனுமதி ரத்தாகாமல் தப்பிவிட்டால் திங்கள்கிழமை இவர் ஏறி உட்கார்ந்துவிடுவார், என்னால் தடுக்க முடியாது. அதனால் யாரையும் தேடவில்லை.

நான்கரை ஆனபோது அவர் சாவியில் கை வைத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் திமிறவில்லை. சாவியை விட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

சின்னதின் அம்மாவுக்குத்தான் முதலில் போட்டார்.

"அம்மா, நான்தான், டிரைவர். திங்கக்கிழமைலேர்ந்து பாப்பாவுக்கு வேற வண்டி பார்த்துக்கோங்க."

அந்தப் பக்கம் பதறிக் கேட்டது எனக்கும் கேட்டது. "ஏன் அண்ணே, லைட்டு சரியாகலையா?"

"லைட்டு நல்லா எரியுதும்மா" என்றார். போனை என்னிடம் நீட்டினார்.