பூவாயியின் கைநாட்டு

எங்கள் வம்சாவளிப் புத்தகத்தில் ஒரு பெயரை எழுதினால், பெயருக்கு உரியவர் மறுநாள் காலை ஒன்பது மணிப் பேருந்தில் வந்து கையெழுத்திட வேண்டும். இறந்தவர்களுக்கும் இதே விதிதான். விவரங்களைச் சரிபார்த்து, சாப்பிட்டுவிட்டு, நாலு மணிப் பேருந்தில் திரும்பிவிடுவார்கள்.

நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். புத்தகம் என் பொறுப்பு. சிவகங்கைப் பக்கமிருந்து இந்த மலைக்கு வந்து, காட்டைத் திருத்திக் குடியேறிய என் கொள்ளுத்தாத்தா வெள்ளைச்சாமி முதல் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார். வரும் வழியில் முதல் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டதாகவும், இங்கே மறுமணம் செய்துகொண்டதாகவும் சொன்னார். முதல் மனைவியின் பெயர் மறந்துவிட்டதாம். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

சென்ற மாசியில் அடிவாரத்து ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடு பார்க்கக் கிடைத்தது. 'பூவாயி, கணவர் வெள்ளைச்சாமி. காய்ச்சல். குணமாகிச் சென்றாள்' என்றிருந்தது. வீட்டுக்கு வந்து பெயரை எழுதினேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். தன் பக்கத்தில் எது மாறினாலும் வெள்ளைச்சாமியும் வர வேண்டும். ஒரே பேருந்தில் தனித்தனி இருக்கையில் வந்திருந்தார்கள்.

என்ன நடந்தது என்று பூவாயியிடம் கேட்டேன்.

"நான் சாகலை. காய்ச்சல் விட்டு எந்திரிச்சப்ப வண்டி போயிருந்துச்சு" என்றாள்.

வெள்ளைச்சாமி அதை மறுக்கவில்லை. அவள் பெயர் இருந்தால் தன் கையெழுத்து இருக்காது என்று மட்டும் சொன்னார். என் அண்ணன் துரைக்கண்ணு என்னைத் தனியே அழைத்து, பெயரை அடித்துவிடச் சொன்னார். அவர் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். முதல் கையெழுத்து போனால் அதற்குக் கீழே நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் யாருக்கும் பிறக்காதவர்களாகிவிடுவோம்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய், "அடிக்க மாட்டேன், தாத்தா" என்றேன்.

அவர் பிளேடால் தன் கையெழுத்தைச் சுரண்டி எடுத்தார். சாப்பிடாமலே பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்தரை மணிக்குக் கல்யாணப் பத்திரிகைகளில் எங்கள் பெயர்கள் மங்கத் தொடங்கின. முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டிலிருக்கும் அல்போன்ஸ், வாசலில் நின்று நாங்கள் யார் என்று விசாரித்தார். அண்ணன் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூவாயி நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவினாள். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இதெல்லாம் யார் பிள்ளைகள் என்று கேட்டாள். இப்போதைக்கு யாருடையதும் இல்லை என்றேன்.

புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"அப்ப என் பேருக்குக் கீழ எழுதிக்க, தாயி."

அஞ்சலக மைப்பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. சுரண்டிய இடத்தின் மேலேயே கைநாட்டு வைத்தாள். பத்திரிகைகளில் பெயர்கள் திரும்பின. அல்போன்ஸ் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வாங்கிப் போனார். நாலு மணிப் பேருந்தில் வெள்ளைச்சாமி முன்னால் ஏறினார். பூவாயி அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரையே, வீடு தெரு குளத்தோடு, கூட்டி வந்திருந்தார்கள். அதைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். முதல் பந்தியிலேயே அதற்கும் ஓர் இலை போட்டோம். ரசம் இன்னொரு முறை கேட்டது.