குவாஹோனின் கண்

புயலுக்குப் பிறகு எங்கள் தீவில் யாபுகோவா மலைப்பக்கம் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஹெனாரோ வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். அங்கே பாறைகளுக்கு அடியில் குகை, அதற்குள் வற்றாத ஊற்று. அதில் ஹெனாரோவின் குழாய் மட்டும் கிடந்தது. அதுவும் வெளியூர்க் கூலியாளை விட்டுப் போட்டது. குகைக்குள் குவாஹோன் என்ற பேய் இருக்கிறது, அதன் கண்ணைப் பார்த்தவன் பிழைக்க மாட்டான் என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு.

அக்காள் நெரெய்தா கைக்குழந்தையோடு ஹெனாரோவிடம் போனாள்.

"ஹெனாரோ அண்ணே, ஒரு வாளி மட்டும். புள்ளைக்குப் பால் கரைக்கணும்."

"உன் தம்பி பகல் பூரா தூங்குறானே, அவன குகைக்குள்ள அனுப்பு. செத்தா ஒரு வாய் மிச்சம்."

ராத்திரி வேலைக்குப் போகிறவன் பகலில்தான் தூங்குவான். அக்காள் வந்து சொன்னதும் எழுந்து குகைக்குப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் குவாஹோன் தெரிந்தது. உள்ளங்கையில் அடங்கும் தவளை. வெள்ளை விளிம்பு கட்டிய பெரிய கண்களோடு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாதாம். நான் சாகவில்லை. ஹெனாரோவின் குழாயைப் பிடுங்கிவிட்டு எங்களுடையதைச் சொருகினேன்.

கொஞ்ச நேரத்தில் குகை வாசலில் அவன் குரல்.

"திருட்டு நாயே, வெளிய வாடா!"

"நீ உள்ள வா. உன் குழாய் இங்கதான் கெடக்கு."

"அது... உன்னப் பாத்துச்சா?"

"நல்லாப் பாத்துச்சு. உன்னத்தான் விசாரிச்சுது. அக்காகிட்ட மன்னிப்பு கேளு, உன் குழாயையும் சேத்துச் சொருகுறேன்."

துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் நாற்றம். நெரெய்தா அதைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. பள்ளத்தில் இறங்கினேன். பாறைப் பிளவு வழியாக ஹெனாரோ குளோரினைக் கேன் கேனாக ஊற்றியிருக்கிறான். காலிக் கேன்கள் அங்கேயே கிடந்தன. உள்ளே தவளைகள் வயிறு மேலாக மிதந்தன. முட்டைகள் வெளுத்துப்போயிருந்தன.

செத்த தவளை ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"பேய ஒழிச்சாச்சு. இனி என் குழாய நானே போட்டுக்குவேன்."

"எந்தத் தண்ணில? அதத்தான் விஷமாக்கிட்டியே."

அவன் அதை யோசித்திருக்கவில்லை. கோப்பைக்குப் பக்கத்தில் தவளையை வைத்தேன். கண் திறந்தே இருந்தது.

"என்ன இது?"

"குவாஹோன்."

குனிந்து பார்த்தான். "இம்புட்டுத்தானா?" என்றான். அதன் கண்ணைப் பார்த்துவிட்டது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாற்காலி சாய எழுந்து பின்வாங்கினான்.

"செத்ததப் பாத்தா ஒண்ணும் ஆகாதுல்ல? டேய், சொல்லுடா!"

"யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் யாரும் அதக் கொன்னதில்ல."

புயலுக்குப் பிறகு அன்றுதான் முதல் தண்ணீர் லாரி வந்திருந்தது; வாளியை எடுத்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போனேன். அவன் வீட்டிலிருந்து அன்று யாரும் வரிசைக்கு வரவில்லை.