மாவுப் பைச் சுவர்

எந்தப் பொருளைக் கண்டாலும் அது ஷெல்லடிக்குப் பதுங்கும் பங்கருக்கு உதவுமா என்றுதான் ஏரம்புவின் புத்தி போகும். தொண்ணூற்றெட்டில் வன்னியில் அப்படி யோசிக்காதவன்தான் விசரன். அரசாங்கம் யூரியா வர விடுவதில்லை, ஆகவே மண் நிரப்பி அடுக்க யூரியாச் சாக்கும் இல்லை. சீமெந்து கனவில்கூட வராது. மாங்கன்று நடச் சொல்லி ஒரு வெளிநாட்டு நிறுவனம் விசுவமடுவில் பெரிய வெள்ளைப் பைகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, கன்றை யார் பார்த்தார்கள்?

"இது மாவும் பிளாஸ்ரிக்கும் கலந்து செய்தது. கன்றைப் பையோட தாட்டால், பை உக்கி மண்ணோட மண்ணாப் போகும்," என்றார் கொண்டுவந்த அலுவலர்.

"எப்ப உக்கும்?" என்று கேட்டவள் ஏரம்புவின் மனைவி நேசமலர் மட்டும்தான்.

"அது மண்ணையும் ஈரத்தையும் பொறுத்தது, அக்கா."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏரம்பு பைகளில் மண்ணை நிரப்பினான். தங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அன்னபாக்கியத்துக்கும் பொதுவாக ஒரு பங்கர் அடுக்கினான். சுவர் முழுக்கப் பை, அதன்மேல் பனங்குற்றி, குற்றிக்கு மேல் மண். யானை ஏறினாலும் தாங்கும் என்று ஊரெல்லாம் புளுகித் திரிந்தான்.

மாரி பிறந்தது. ஒரு பின்னேரம் மழையோடு ஷெல்லும் வந்தது. நேசமலர் நாலு வயது மகள் லக்சிகாவைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தாள். ஏரம்புவும் அன்னபாக்கியமும் பின்னால் வந்தார்கள்.

நேசமலர் பிள்ளையை மடியில் இருத்திச் சுவரில் சாய்ந்தபோதுதான் இடுப்பருகே ஈரமண் கொட்டுவது தெரிந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனாள். அடிவரிசைப் பை ஊறின அப்பளம் மாதிரி விரலோடு வந்தது. பக்கத்துப் பையும் அப்படியே.

"இஞ்சாருங்கோ, பை உக்கிப் போச்சு."

"விசர்க்கதை கதையாதை. இதைப் பார்." ஏரம்பு மேல்வரிசையில் ஓங்கிக் குத்தினான். காற்றுப் பட்டுக் காய்ந்திருந்த அந்தப் பைகள் புதிது போலவே இருந்தன.

"மேல ஏன் பாக்கிறியள்? கீழ கையை வையுங்கோ."

வைத்தான். கை மணிக்கட்டுவரை ஈரமண்ணுக்குள் போனது.

அடுத்த ஷெல் வாழைத்தோட்டத்துக்குள் விழுந்தது. சுவரிலிருந்து மண் சரசரவென்று இறங்கியது, பனங்குற்றி ஒன்று சரிந்தது. லக்சிகா வீரிட்டு அழுதாள். வெளியே போனால் ஷெல், உள்ளே இருந்தால் குற்றி. கேவலம் ஒரு மாவுப் பையை நம்பிப் பிள்ளையை இங்கே கொண்டுவந்தோமே என்று நேசமலருக்குப் புருசன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வாய்க்காலுக்கு ஓடுவம்," என்றாள்.

"இந்த ஷெல்லுக்குள்ளயோ? இண்டைக்கு ஒருநாள் தாங்கும் பிள்ளை," என்றாள் அன்னபாக்கியம்.

"தாங்காட்டி? இவளின்ர தலையிலதானே விழும்."

அன்னபாக்கியம் ஏரம்புவைப் பார்த்தாள். கட்டினவன் அவன். அவன் சரிந்த குற்றிக்குக் கீழே தோளைக் கொடுத்தான்.

"அவள் சொல்லுறது சரி. பிள்ளையைக் கொண்டு போங்கோ. நான் பின்னால வாறன்."

வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். நேசமலர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் கரையோடு ஒட்டிக் கிடந்தாள், பக்கத்தில் அன்னபாக்கியம். தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஏரம்பு குனிந்தபடி ஓடி வந்துகொண்டிருந்தான். பாதி வழியில் முற்றத்து மண் எழும்பி அவனை மூடியது.

ஷெல் ஓய்ந்தபோது பங்கர் விழாமல் நின்றது. அன்னபாக்கியம் அதைப் பார்த்தாள், பிறகு நேசமலரைப் பார்த்தாள். செத்தவீட்டுக்கு வந்த சனம்தான் சொன்னது, உள்ளுக்கு இருந்திருந்தால் மனிசன் தப்பியிருப்பான் என்று. நேசமலரின் காதில் விழும்படியாகவே சொன்னார்கள்.

செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, மழையும் இல்லை ஷெல்லும் இல்லை, பட்டப்பகலில் பங்கர் தானாகச் சரிந்து விழுந்தது. லக்சிகா இருந்த மூலையில் குற்றிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அன்னபாக்கியம் ஓடிவந்து நேசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ சொன்னதுதான் சரி பிள்ளை. எல்லாரும் வந்து பாக்கட்டும், நீ சொன்னதுதான் சரி."

நேசமலர் கையை உதறினாள்.

"எனக்குச் சரி வேண்டாம், அக்கா. அந்த மனிசன் வேணும்."