பீடி குடிக்காதவர்

மாலையைப் போட்டு முடிப்பதற்குள் நிலக்கரி யார்டு சூப்பர்வைசர் அருள்நாதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தப் பீடிய மட்டும் வுட்டிருந்தா குணசேகரன் இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு."

விடியற்காலையில் செத்துப்போன அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்த மதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னா சார் பேசறீங்க? எங்க நைனா பீடிய கையால தொட்டதில்ல. இருவத்திரண்டு வருசம் உங்க கரியத்தான் வாரிகினு கெடந்தாரு."

"கம்பெனி டாக்டரு அப்டித்தாம்மா எழுதிகீறாரு."

எழுதுவார். கேப்பையில் நெய் வடிகிறது என்றுகூட எழுதுவார். கேட்பவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று?

மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மதி, போன மாதம்தான் டேப்லெட் திரையில் மார்புக்கூட்டுப் படத்தைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினாள். விரலால் தள்ளினால் விலா எலும்புகள் விலகும். உள்ளே நுரையீரல் ரோஜா நிறத்தில் சுழலும். இருமிக்கொண்டே பார்த்தவர், "என்னுதும் இப்டித்தான் கீதா?" என்றார். "ஆமா நைனா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அன்று காலை டிஸெக்‌ஷன் ஹாலில் பெயர் தெரியாத கிழவரின் நெஞ்சைத் திறந்தபோது நுரையீரல் கரித்துணியாக இருந்தது. "பீடி கேசு" என்றார் பேராசிரியர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். யார், எங்கே வேலை செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும்தான் எழுதினாள். நினைத்தால் தன் கையையே ஒடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

பொய்யை அவர் நம்பவில்லை போலும். மறுவாரமே உடல்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "படிக்கிற பசங்க தொறந்து பாக்கட்டும். உள்ள இன்னா கீதுன்னு தெரியட்டும்."

மதியம் வேறொரு கல்லூரியிலிருந்து வண்டி வந்தது. ஊழியர் அப்பாவின் கால் கட்டைவிரலில் எண் போட்ட அட்டையைக் கட்டினார். எண் மட்டும்தான்.

"அண்ணே, பேனா குடுங்க."

"அதுல எதுவும் எழுதக்கூடாதும்மா."

தலைமாட்டில் நின்ற அம்மா பூவம்மா நிமிர்ந்தாள். "குடுப்பா. அவ எழுதட்டும்."

ஊழியர் கொடுத்துவிட்டார். அருள்நாதன் பார்த்துக்கொண்டு நிற்க, மதி அட்டையைத் திருப்பி அழுத்தி எழுதினாள்: 'பீடி குடித்ததில்லை. நிலக்கரி.' கடைசி எழுத்தில் பேனா முனை அட்டையைக் கிழித்தது.

பூவம்மா முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அந்தக் காலைத் துடைத்தாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.