நாலு மணி எண்ணிக்கை

உருளை இஸ்திரி இயந்திரம் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சுடச்சுடத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரு முனையை வெர்னீட்டா பிடிப்பாள், மறுமுனையை டாட்டி. இரண்டு மடிப்பு, ஒரு தட்டு, அடுக்கின் மேல் ஒரு வீச்சு. இரண்டே முக்காலுக்கு வெர்னீட்டாவின் இடது கணுக்கால் அதிர்ந்தது.

"என்னடி, கால் பேசுதா?" என்றாள் டாட்டி.

"பேசலக்கா, ஒப்பாரி வைக்குது. இன்னும் ரெண்டு மணி நேரந்தான் தாங்கும்."

காலில் பூட்டியிருந்தது, அவள் இருக்குமிடத்தைப் பரோல் அதிகாரிக்குக் காட்டிக்கொடுக்கும் சோப்புக்கட்டி அளவு கறுப்புப் பெட்டி. பரோலில் வெளியே வந்து அறுபத்து மூன்று நாளாக அது அவளோடுதான் குளித்தது, தூங்கியது. தினமும் இரண்டு மணி நேரம் சுவரில் செருகி அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அது அணைந்தால் அவள் தப்பி ஓடியதாக அர்த்தம். பிடிவாரண்டு வரும், மிச்சமிருக்கும் நாலு வருஷமும் உள்ளேதான். முந்தின நாள் புயலில் அவள் தங்கும் விடுதியில் போன மின்சாரம் காலையில் அவள் பஸ் ஏறும்வரை வரவில்லை. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஓடிப்போய், மின்சாரம் உள்ள இடமாகப் பார்த்துச் செருகிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. மேற்பார்வையாளர் கெஸ்லர் தன் மேசையிலிருந்து எழுந்து கை தட்டினார். "ஆஸ்பத்திரி லாரி அஞ்சு மணிக்கு வருது, ஏழு மணிக்கு இன்னொண்ணு வருது. ஏழு வரைக்கும் ஒருத்தியும் நகரக் கூடாது."

வெர்னீட்டா சாப்பாட்டுப் பையிலிருந்து சார்ஜர் வயரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அந்தக் கூடத்தில் ஆள் கைக்கு எட்டும் பிளக் ஒன்றே ஒன்றுதான். அதில் அவருடைய மேசை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ரெண்டு மணி நேரம் அந்தப் பிளக்கைக் குடுங்க. அங்கேயே நின்னு மடிக்கிறேன்."

"கம்பெனி கரண்டுல சொந்தப் பொருளைச் செருகக் கூடாது. விதி தெரியும்ல?"

"இது என் சொந்தப் பொருளா சார்? கழட்டித் தர்றேன், நீங்களே போட்டுக்குங்க."

"வாய் ரொம்ப நீளுது. பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போ. நாளைக்கு வராதே."

வேலை போனாலும் பரோல் மீறல்தான். டேட்டன் நகரத்தில் இந்தச் சலவைக்கூடத்து முதலாளி சிறையிலிருந்து வந்த பெண்களை மட்டும் தேடித்தேடி எடுப்பதன் காரணம் இதுதான். மற்றவர்கள் இந்தச் சூட்டுக்கு ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள். இவர்களால் ஓட முடியாது. வெர்னீட்டா பரோல் அதிகாரிக்கு மூன்று முறை போன் போட்டாள். மூன்று முறையும் பதிவுக் குரல்தான் வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

"ஒன்பது வருஷம் உள்ள இருந்தேன்க்கா. ஒரு நாள் கெட்ட பேர் எடுத்ததில்ல. இப்ப ஒரு ஃபேன் காத்துக்காக உள்ள போகணுமா?"

டாட்டிக்கு அறுபத்தோரு வயது. பத்தொன்பது வருஷம் உள்ளே இருந்தவள், சாகும்வரை பரோல். ஒரு விரிப்பை மடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. பக்கத்து மேசையில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். அது அடுத்த மேசைக்குப் போனது.

சிறையில் தினமும் நாலு மணிக்கு எண்ணிக்கை. அவரவர் கட்டிலருகே கையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். தலைகள் சரியாக வரும்வரை மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். வெளியே வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடிகாரத்தில் நாலு ஆனால் கூடத்தில் எல்லாக் கையும் ஒரு நொடி நின்றுவிடும். கெஸ்லருக்கு அது தினசரி வேடிக்கை.

அன்றைக்கும் நாலு ஆனதும் கைகள் நின்றன. அவர் சிரித்தார். "எல்லாரும் இருக்கீங்களா? ஒருத்தியும் ஓடலியே? சரி, மடிங்க."

யாரும் மடிக்கவில்லை. பதினாலு பேரும் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். இயந்திரம் துப்பிய விரிப்பு தரையில் விழுந்தது. அதன் மேல் இன்னொன்று விழுந்தது.

"ஏய், என்ன விளையாட்டு இது?"

"எண்ணிக்கை நேரம் சார்," என்றாள் டாட்டி. "கணக்குச் சரியா வராம நகரக் கூடாது. நீங்கதான் எண்ணணும்."

"ஒரே ஒரு போன் போட்டா போதும். அத்தனை பேரையும் உள்ள தள்ளிடுவேன்!"

"தாராளமாப் போடுங்க. பதினாலு பேரும் போயிட்டா லாரிக்கு யாரு மடிப்பா? உங்க மாமியாரா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். கெஸ்லர் இயந்திரத்தை நிறுத்தினார். வேறு வழி தெரியாமல் விரலை நீட்டி எண்ணினார். "பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. போதுமா?"

"தப்பு சார். இன்னும் அரை மணியில வெர்னீட்டா தப்பி ஓடினவ ஆயிடுவா. ஒண்ணு உதைக்குது."

வெர்னீட்டா இரண்டடி முன்னால் வந்து பெட்டி தெரியும்படி காலை நீட்டினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. "நான் இங்கதான் சார் இருக்கேன். நல்லா பாத்துக்குங்க."

நாலே காலுக்கு, முன்கூட்டியே வந்துவிட்ட லாரி வாசலில் ஹாரன் அடித்தது. நாலு இருபதுக்கு மறுபடி அடித்தது. கெஸ்லர் ஃபேன் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

சார்ஜர் வயர் நாலடிதான் இருந்தது. டாட்டியும் இன்னொருத்தியும் மடிப்பு மேசையைச் சுவரோரம் தள்ளிக் கொடுத்தார்கள். வெர்னீட்டா கணுக்காலால் சுவரில் கட்டுண்டு நின்றபடி மடித்தாள். சிவப்பு பச்சையாகும்வரை கெஸ்லர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், பிளக்கின் மேல் நாலு திருகு போட்டு இரும்புத் தகடு அடித்திருந்தது. சுவரில் கடிகாரமும் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது.

"கடிகாரம் இருந்தாத்தானே நாடகம்?" என்றார் கெஸ்லர். "வேலை முடிஞ்சா நானே சொல்றேன்."

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கைப்பேசிகளையும் அன்றைக்கு வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். விடுதியில் மின்சாரம் வந்திருந்ததால் வெர்னீட்டாவின் பெட்டி பச்சையாக இருந்தது. யாரும் மணி கேட்கவில்லை. இயந்திரம் துப்பத் துப்ப மடித்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆனது.

திடீரென்று டாட்டி கையிலிருந்த விரிப்பைக் கீழே விட்டாள். நிமிர்ந்தாள், கையைத் தொங்கவிட்டாள். அதே கணத்தில் வெர்னீட்டாவும் நின்றாள். அடுத்த மேசையும் அதற்கடுத்த மேசையும் நின்றன. விரிப்புகள் தரையில் விழுந்தன.

"தகட்டைக் கழட்டிட்டு எண்ணுங்க சார்," என்றாள் வெர்னீட்டா.

கெஸ்லர் வெளுத்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே இழுத்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நாலு மணி.