பொன்னரை நம்பி

ஸ்ரீதரனுக்கு ஒஸ்லோவில் தோட்டத்துண்டு கிடைத்தபோது அவருடைய மனைவி புஷ்பராணி அதை நம்பவில்லை. பிழை அவளுடையதும் அல்ல. நகரத்துக்குள் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுக்கு நோர்வேக்காரர் வைத்திருக்கும் பெயர் 'பார்செல்'. மனுசன் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "எனக்குப் பார்செல் கிடைச்சிட்டுது!" என்று கத்தினால் பெண்சாதி என்னத்தை நினைப்பாள்? "ஆர் அனுப்பினது? மிளகாய்த்தூளோ?" என்றுதான் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை வெஸ்ட்லிக்கு மேலே, மெட்ரோ ஓடி முடிகிற இடத்துக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள சரிவுக்கு அவளைக் கூட்டிப்போய், கல்லும் புல்லுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். புஷ்பராணி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மிளகாய்த்தூள் எண்டாலும் பிரயோசனப்பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்துவிட்டாள்.

அது பழைய கதை. இப்போது அந்தத் துண்டில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், வெந்தயக்கீரை, பூசணி என்று கால்வைக்க இடமில்லை. ஸ்ரீதரன் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறார். மிச்ச நேரமெல்லாம் தோட்டத்தில்தான். அங்கே அவருடைய பெருமை எதுவென்று கேட்டால், போஞ்சி, கடையில் பீன்ஸ் என்பார்களே அது. நீளக் கம்புகளை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டி, அதிலே கொடியை ஏற்றி, ஆடி மாதக் கடைசியில் காய் தொங்கத் தொடங்கும்போது பக்கத்துத் துண்டுக்காரரெல்லாம் வந்து நின்று பார்ப்பார்கள். அவரும் அவர்கள் பார்ப்பதைப் பார்க்காதமாதிரி நின்று கொத்திக்கொண்டிருப்பார்.

போஞ்சிக்கு நோர்வேஜிய மொழியில் 'பொன்னர்' என்று பெயர். இதை அறிந்த அன்று ஸ்ரீதரனுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம், பொன்னுத்துரை என்று பெயருள்ள பெரிய மனிதரைத்தான் ஊரார் பொன்னர் என்பார்கள். ஒரு காய்க்குப் போய் வெள்ளைக்காரன் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறானே! அன்று தொடக்கம் அவர் வீட்டில் போஞ்சி என்ற சொல் ஒழிந்தது. "பொன்னர் கம்பிலை ஏறிட்டார்", "பொன்னருக்குத் தண்ணி காணாது", "பொன்னரை நத்தை கடிச்சுப் போட்டுது." கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்த மைத்துனர் ஒருவர், உங்களோடு வந்து நிற்கிற பொன்னர் யார், விசா எடுத்து வந்தவரோ என்று கேட்டதும் நடந்தது.

பக்கத்துத் துண்டு ஓசெ என்ற நோர்வேக்கார அம்மாவுடையது. எழுபதைத் தாண்டியவர், மகன் இருந்தும் தனியே வசிக்கிறார். குரலோ சரிவின் அடிவாரம் வரைக்கும் கேட்கும். ஸ்ரீதரனின் வாயில் ஓசெ எப்போதோ ஓசையாகிவிட்டார், பொருத்தமாகவும் இருந்தது. ஸ்ரீதரன் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வடக்கே பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்திலும் சரி, பஸ் ஓட்டுகிற இப்போதும் சரி, எல்லோரும் அவரிடம் முதலில் கேட்டது நீ எந்த நாடு என்பதைத்தான். ஓசெ முதல் நாள் கேட்டது, "அது உன் முள்ளுக்கரண்டியா?" என்று. நிலம் கிளறுகிற பெரிய முள்ளைத்தான் கேட்டார். ஓம் என்று தலையாட்டியதும் எடுத்துக்கொண்டு போனவர், இன்றுவரை திருப்பித் தரவில்லை. ஸ்ரீதரனுக்குத் தேவைப்பட்டால் ஓசெயின் கொட்டிலுக்குள் போய் எடுப்பார், பிறகு அங்கேயே கொண்டுபோய் வைப்பார். கேட்காமல் எடுக்கிற ஒரு அயல் இந்த ஊரிலும் தனக்கு வாய்த்ததில் அவருக்கு அவ்வளவு ஆறுதல். அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

போன வருடம் புஷ்பராணி போஞ்சியைத் தேங்காய்ப்பாலில் பால்கறியாக வைத்து ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டாள். ஓசெ அதைப் பாணில் பரப்பி, மேலே சீஸ் வைத்துச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், டப்பா வழித்துத் துடைத்தமாதிரித் திரும்பி வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

இந்த வருடம் ஜூன் மாதம், போஞ்சிக் கன்று ஒரு சாண்கூட எழும்பாத நேரம். ஓசெ வேலிக்கரையில் வந்து நின்றார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"ஸ்ரீ, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இதய வால்வு மாற்றப் போகிறார்களாம். இந்தக் கோடை எனக்கு இல்லை."

இந்தமாதிரி நேரத்துக்கான நோர்வேஜியம் ஸ்ரீதரனிடம் இல்லை. "எல்லாம் சரிவரும்" என்றார்.

ஓசெ அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "உன் பொன்னரை நம்பித்தான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நம்பிக்கை என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனால் ஸ்ரீதரன் பிறகு சும்மா இருக்கிற ஆள் அல்ல. வெயில் நன்றாக விழுகிற கரை வரிசையை ஓசெயின் பங்கென்று ஒதுக்கினார். காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து, இலைக்கடியில் ஒட்டிக்கிடக்கும் ஓடில்லாத நத்தைகளைப் பொறுக்கினார். ஒஸ்லோவில் அந்தக் கோடை மழையே இல்லை. வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். அந்த வரிசைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் இந்த மனுசி இப்போது எப்படி இருக்கிறாளோ என்று நினைப்பு வரும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்.

காய் வந்தது. சும்மா வரவில்லை, அள்ளிக்கொண்டு வந்தது. போஞ்சியை நேரத்துக்கு ஆயாவிட்டால் முற்றிவிடும், கொடியும் பூப்பதை நிறுத்திவிடும். ஓசெயோ வரவில்லை. தோட்டச் சங்கத் தலைவரைக் கேட்டால், முதல் சத்திரசிகிச்சை சரிவரவில்லை, இரண்டாவது தரமும் திறந்திருக்கிறார்கள், மகனைத் தவிர ஒருத்தரையும் பார்க்க விடுகிறார்களில்லை என்றார். ஸ்ரீதரன் அன்று தோட்டத்தில் ஒரு வேலையும் செய்யவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, கரை வரிசைக் காயை நறுக்கி, கொதிதண்ணியில் போட்டெடுத்து, பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தார். மனுசி எப்போது வந்தாலும் பங்கு இருக்கவேண்டும்.

ஒவ்வொரு கிழமையும் பை கூடியது. புஷ்பராணி ஆட்டிறைச்சியோடு ஃப்ரீசருக்கு முன்னால் நின்று, "இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை இறைச்சி வைக்க இடமில்லை. தட்டுத் தட்டாப் பொன்னர்தான் படுத்திருக்கிறார்" என்றாள்.

"அது ஓசையின்ரை பங்கு. தொடாதையும்."

"எங்களுக்கு?"

"நாங்கள் லீக்ஸ் சாப்பிடுவம்."

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வினோஜா லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்தாள். ஐஸ்கிரீம் தேடி ஃப்ரீசரைத் திறந்தவள் திகைத்துப்போய் நின்றாள். புஷ்பராணிக்கு முறைப்பாடு சொல்ல ஆள் கிடைத்துவிட்டது, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்பா, அவ என்ன சொன்னவ? அப்பிடியே சொல்லுங்கோ."

ஸ்ரீதரன் ஓசெ சொன்னதை நோர்வேஜியத்தில் அப்படியே சொன்னார்.

வினோஜா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் நின்றது. "அப்பா, அவ ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை சொன்னவ. நெஞ்சைத் திறக்கிற ஒபரேஷனுக்குப் போற ஆக்கள் போஞ்சியை நம்பிப் போவினமோ? 'பொன்' எண்டால் பிரார்த்தனை. கன பிரார்த்தனை எண்டால் அதுவும் பொன்னர்தான். ரெண்டுக்கும் ஒரே சொல்லு. உங்கடை பிரார்த்தனையை நம்பிப் போறன் எண்டு சொல்லியிருக்கிறா, பாவம்."

ஸ்ரீதரன் கதிரையில் இருந்துவிட்டார்.

கடவுளோடு அவருக்குப் பகை என்று ஒன்றும் இல்லை. பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். மீன் தொழிற்சாலைக் காலத்தில் விட்டுப்போன பழக்கம், பிறகு திரும்பவில்லை. கோயில் இருக்கிற பக்கம் புஷ்பராணியை இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து பாட்டுக் கேட்பார். தேவாலயத்துக்குள் கால்வைத்ததே இல்லை. அங்கே பேசுகிற சொல் அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பவும் மனம் விடவில்லை. சாவை முன்னுக்கு வைத்துக்கொண்டு ஒரு மனுசி தன்னிடம் கும்பிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தானோ போஞ்சி அவித்திருக்கிறார். முதல் சிகிச்சை பிழைத்ததற்கும் இதுதான் காரணமோ என்றுகூட யோசனை ஓடியது. வெட்கமும் பயமுமாக அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புஷ்பராணி கோயில் வாசலில் இறங்கியபோது, மற்றக் கதவும் திறந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பி ஏறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், "பேர்?" என்றார்.

"ஓசை."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. நோர்வேக்கார அம்மா. பக்கத்துத் தோட்டம்."

"அப்ப சுவாமி பேரிலை செய்வமே?"

"இல்லை, அவவின்ரை பேரும் வரவேணும்" என்று ஸ்ரீதரன் பிடிவாதமாக நின்றார். அவருடைய குரலில் என்ன இருந்ததோ, ஐயர் மறுபேச்சில்லாமல் சமஸ்கிருதத்துக்கு நடுவில் ஓசையை நுழைத்தார். ஸ்ரீதரன் கைகூப்பிக் கண்ணை மூடினார். பழக்கம் விட்டுப்போனதால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. மனுசியைத் திருப்பி அனுப்பு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஃப்ரீசரில் கிடந்த பைகளை அவரால் பிறகு பார்க்கவே முடியவில்லை. தன்னுடைய மடைத்தனம் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பதுபோல இருந்தது. அடுத்த வெள்ளி அத்தனையையும் கோயில் மடப்பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்னதானத்துக்குப் பால்கறி வைத்தார்கள். அதற்குப் பிறகு கரை வரிசையில் காய்த்ததெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி அங்கேதான் போனது. புஷ்பராணிக்கு இறைச்சி வைக்க இடமும் கிடைத்தது, கோயிலுக்குப் புருசனும் கிடைத்தான்; அந்தச் சந்தோசத்தை அவள் மறைக்கவும் இல்லை.

செப்டெம்பர் கடைசியில் முதல் உறைபனி விழப்போகிறதென்று வானொலியில் சொன்னார்கள். ஸ்ரீதரன் மிச்சமிருந்த பிஞ்சுவரை ஆய்ந்து கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, கொடிகளைப் பிடுங்கி உரக்குவியலில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கடைசி உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு கார் வந்து நின்றது. கார்க் கதவு சாத்துகிற சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு குரல், சரிவு முழுக்கக் கேட்கிற குரல்:

"ஸ்ரீ! நான் செத்துப்போனேன் என்று என் முள்ளை எடுத்துவிட்டாயா?"

மகன் ஒரு பக்கம் பிடிக்க, மற்றப் பக்கம் தடியை ஊன்றி, ஓசெ ஏறி வந்துகொண்டிருந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார். ஸ்ரீதரன் முள்ளை நிலத்தில் போட்டுவிட்டு ஓடினார். ஓடிப்போய் முன்னால் நின்றதும், முதல் வேலையாக ஒப்புக்கொள்ளவேண்டும் என்று பட்டது.

"ஓசெ, மன்னித்துக்கொள். நீ கேட்டது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. விளங்கின பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் விடவில்லை."

"நான் என்ன கேட்டேன்?"

"பொன்னர்."

"ஆமாம், கேட்டேன். எங்கே?"

ஸ்ரீதரன் மண் ஒட்டிய கையுறைகளோடு கைகூப்பிக் காட்டினார். "இது. கோயிலில். உன் பெயருக்கு."

ஓசெ அந்தக் கைகளைப் பார்த்தார். வெறுமனே நின்ற கம்புகளைப் பார்த்தார். மறுபடியும் கைகளைப் பார்த்தார். "இந்தப் பொன்னர் எனக்கு எதற்கு? நான் தேவாலயத்துக்குப் போவதை என் பதினைந்து வயதிலேயே நிறுத்திவிட்டேன்! காய்க்கிற பொன்னர், ஸ்ரீ! உன் மனைவி தேங்காய்ப்பாலில் போடுகிற பொன்னர்! ஆஸ்பத்திரியில் ஈரக் கடதாசிபோல ஒரு சாப்பாடு தந்தார்கள். வீட்டுக்குப் போனால் அது கிடைக்கும், அது கிடைக்கும் என்று அதை நினைத்துத்தானே கிடந்தேன்."

ஸ்ரீதரன் கைகளை இறக்கினார். "எல்லாத்தையும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன்."

"எல்லாத்தையும்?"

"கடைசிப் பிஞ்சுவரை."

"யார் தின்றது?"

"வெள்ளிக்கிழமை வந்த சனம் முழுக்க."

ஓசெயின் தோள் குலுங்கியது. தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் மகன் பயந்துபோய்ப் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அவரை இருத்தினான். ஸ்ரீதரனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மண்ணாகியது. வெட்கம், பயம், ஒரு கோடை முழுக்கச் சுமந்தது எல்லாம் அந்த இடத்திலேயே கழன்று போனது. ஆள் வந்துவிட்டது. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"அந்தச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று ஓசெ கேட்டார்.

"எது?"

"வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. என்னையும் கூட்டிக்கொண்டு போ. என் பொன்னரைத் தின்றவர்களின் முகத்தை நான் ஒருதரம் பார்க்கவேண்டும்."

"அம்மா, வைத்தியர் என்ன சொன்னார்..." என்று மகன் தொடங்கினான். ஓசெ அவன் பக்கம் திரும்பவில்லை. ஸ்ரீதரனின் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, முப்பது வருடமாகப் பேசிய நோர்வேஜியத்தில் ஒரு சொல்கூட அவருடைய வாய்க்கு வரவில்லை.

"ஓம்" என்றார். "ஓம், ஓம்."