மயிலம் மலையில் கேட்ட பூ

1942ஆம் வருஷம். திண்டிவனத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சின்னதுரைக்குச் சோறு இறங்கவில்லை. மயிலத்துக்குப் பக்கத்தில் இரண்டு காணிக் கொல்லையில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பயிரிட்டு வந்தான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. மயிலம் மலையில் முருகனிடம் பூ கேட்டுவிடலாம் என்றான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை; எடுப்பதில் சிவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் இருப்பது.

“நம்ம கையில இன்னா இருக்குது? தலையில எழுதினதுதான் நடக்கும்.”

“அப்ப கேணியில எறங்கறப்ப எதுக்கு இடுப்புல கவுறு கட்டிக்கிற?” என்றாள் அவன் மனைவி அம்சா.

“கவுறு கட்டிக்குவான்னும் எழுதியிருக்கும்.”

“ஒன் கோமணத்தையும் முருகன்தான் கட்டி உட்டாரா?”

பொட்டலம் கட்டியது அம்சாதான். வாழை இலைத் துண்டில் மடித்து, நாரால் இரட்டை முடிச்சுப் போட்டாள். இரண்டிலுமே வெள்ளை நந்தியாவட்டையைத்தான் வைத்தாள். செய்தது தப்பு என்று தெரியும். பிரித்து மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறினார்கள். அடிவாரத்தில் அவள் கால் கழுவிக்கொண்டு வரும்வரை பொட்டலங்கள் இருந்த பை அவனிடம் இருந்தது. சன்னதியில் குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் சாமி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, தட்டை நீட்டினார். சின்னதுரை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தான். செவ்வரளி.

அம்சா தட்டில் மீதி இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். நாரில் ஒரே முடிச்சுதான் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாதிப் படி இறங்கியதும் அவன் சொன்னான், “முருகன் சொல்லிட்டாரு.”

“நான் ரெண்டுலயும் வெள்ளதான்யா வச்சேன்.”

அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

“நீ அப்பிடி வைப்பேன்னு எனக்குத் தெரியாது,” என்றான். “நான் மாத்தணும்னு இருந்திருக்குது, ரெண்டையும் அரளியா மாத்திட்டேன்.”

“மறுபடியும் அவர் மேலயே போடறியே. அடிவாரத்துல பூக்காரிகிட்ட அரளி வாங்குனது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீயே சொல்லு.”

“போவணும்னு இருக்குது அம்சா. கொல்லையும் கேணியுமாவே பாத்துக்கினு இருக்க முடியல. செத்துட்டா சாமி சொல்லித்தான் போனேன்னு இருக்கட்டும்னு பாத்தேன்.”

“எனக்கு நீ போவக் கூடாது. அதான் நான் கட்டுனேன். அதையும் கேட்டுக்கோ.”

“கேட்டுக்கினேன்.”

“கேட்டுக்கினும் போறியா?”

“போறேன்.”

அவள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே படியோரம் வைத்தாள்.

“எப்ப கெளம்பற?”

“நாளைக்கி.”

“அப்ப வா, ஜல்தியா எறங்கலாம். வழிக்கு அடை தட்டிக் குடுக்க கேப்ப அரைக்கணும்.”